ஸ்கேன் பார்த்து நரம்பை விடுவிக்கும் சிகிச்சை: விழுப்புரம் வட்டாரத்துக்கு எது தேவை?

விழுப்புரம் மாவட்டத்துக் கூட்டேரிப்பட்டிலிருந்து பெரிய மருத்துவமனை எதுவும் தொலைவில்லை. நெடுஞ்சாலையில் வடக்கே போனால் திண்டிவனம் அரசு மருத்துவமனை. தெற்கே போனால் முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. மயிலம் சாலையில் திரும்பினால் புதுச்சேரி ஜிப்மர். ஆனாலும் கை மரத்துப்போகிறது என்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது மருந்துக்கடையில்தான். 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர் வைத்து பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்குவார்கள். சிலர் எண்ணெய் போட்டு நீவிக்கொள்வார்கள். இன்னும் சிலருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை மாட்டிவிடுவார்கள். மல்லாட்டை ஆய்கிற கை, கரும்பு வெட்டுகிற கை, தினம் இரண்டு வேளை பால் கறக்கிற கை, கருங்கல் குவாரியில் அதிரும் துளைக்கருவியைப் பிடிக்கிற கை என்று, அழுத்திப் பிடிப்பதும் திரும்பத் திரும்ப மடக்குவதுமான வேலைகள் நிறைந்த பகுதி இது. 'கார்ப்பல் டனல்' எனப்படும், மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் நோய்க்கு இத்தகைய வேலைகள் தூண்டுதலாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. இப்போது அதற்கு ஒரு புதிய சிகிச்சை பேசப்படுகிறது: அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, அரை சென்டிமீட்டர்கூட இல்லாத துளை வழியாக நரம்பை விடுவிப்பது. உலக அளவில் சேர்ந்துள்ள சான்றுகளை அடுக்கிப் பார்க்கும்போது, இந்தச் சிகிச்சையில் நம் மாவட்டம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது கத்தியை விடத் திரையைத்தான் என்று தோன்றுகிறது. அந்த முடிவுக்கு எப்படி வர வேண்டியிருக்கிறது, அதற்கு எதிராக என்ன சொல்லலாம் என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது.

மணிக்கட்டின் உள்பக்கம் எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. அந்தப் பள்ளத்தின் மேல் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று குறுக்கே மூடியிருக்கிறது. இந்தச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. நாண்களின் உறை வீங்கினாலோ உடலில் நீர் கோத்தாலோ விரிந்துகொடுக்க அங்கே இடமில்லை. 1981-இல் அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் கெல்பர்மனும் அவர் குழுவினரும் இந்தச் சுரங்கத்துக்குள் நுண்குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நோயில்லாதவர்களிடம் சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரசம். நோயாளிகளிடம் 32. மணிக்கட்டை மடக்கியபோது நோயாளிகளிடம் அது 90-ஐத் தாண்டியது. தூக்கத்தில் கையை மடக்கிப் படுப்பவர்கள் நள்ளிரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எல்லாம் மதமதத்துப்போய், கையை உதறிக்கொண்டு எழுவது ஏன் என்பதற்கு இந்த எண்களே விளக்கம். பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம். கர்ப்பகாலம், தைராய்டு குறைவு, முடக்குவாதம், சர்க்கரை நோய் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். சர்க்கரை நோயை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி நாட்டின் சராசரி 11.4 சதவீதம். பக்கத்திலுள்ள புதுச்சேரியில் 26.3 சதவீதம்.

குறுக்குப் பட்டையை வெட்டிவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும் என்பது பழைய அறிவு. 1933-இல் லியர்மன்த் இதை அறுவையாகப் பதிவு செய்தார். 1950-களில் ஜார்ஜ் ஃபேலன் இந்த நோயையும் அதன் அறுவையையும் பரவலாக அறியச் செய்தார். உள்ளங்கையின் அடியில் நீளமாகக் கீறித் திறந்து, கண்ணால் பார்த்து வெட்டும் முறை அது. பிறகு கீறல் சிறிதாகிக்கொண்டே வந்தது. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஒகுட்சுவும் அமெரிக்காவில் சௌவும் எண்டோஸ்கோப் வழியாக வெட்டினார்கள். 1997-இல் ஜப்பானைச் சேர்ந்த நாகமிச்சியும் டச்சிபானாவும் அல்ட்ராசவுண்டின் துணையுடன் வெட்டியதை வெளியிட்டார்கள். அதன் பின் வளைந்த முனைக் கத்தி, பட்டையைச் சுற்றி நூலைச் செலுத்தி அறுக்கும் முறை, சிறு பலூன்களால் நரம்பை ஒதுக்கிவிட்டு வெட்டும் ஒருமுறைக் கருவி என்று பல வகைகள் வந்தன. வெட்டப்படுவது எல்லாவற்றிலும் அதே பட்டைதான். அதை எந்த வழியாக எட்டுகிறார்கள் என்பதில் மட்டுமே வேறுபாடு.

செய்முறையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் விளங்கும். நோயாளி விழித்தே இருப்பார். மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே மரப்பு ஊசி. ஜெல் தடவிய தட்டையான புரோபை உள்ளங்கை மேல் குறுக்கே வைத்தால், திரையில் நரம்பு தேனடைபோலக் கறுப்புப் புள்ளிகளும் வெள்ளைக் கோடுகளுமாகத் தெரியும். அதன் கீழே தசைநாண்கள் வெள்ளை வட்டங்களாக மின்னும். விரலை அசைக்கச் சொன்னால் நாண்கள் நகரும், நரம்பு அவ்வளவாக நகராது. இரண்டையும் பிரித்தறிய இது எளிய வழி. வண்ண டாப்ளரைத் திறந்தால் சுண்டுவிரல் பக்கம் அல்னார் ரத்தக்குழாய் துடிக்கும். நரம்புக்கும் அந்த ரத்தக்குழாய்க்கும் இடையே ஒரு குறுகிய பாதுகாப்பு இடைவெளி உண்டு. சில கைகளில் அது சில மில்லிமீட்டர்தான். கருவி அந்த இடைவெளியில் பட்டையின் அடியில் நுழைய வேண்டும். புரோபை நீளவாட்டில் திருப்பி, பட்டை எங்கே முடிகிறது, அதற்கப்பால் உள்ளங்கை ரத்தக்குழாய் வளைவு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே வெட்டு. வெட்டு முடிந்ததும் கொக்கி முனையால் தட்டிப் பார்ப்பார்கள். நார் ஏதும் தடுக்கவில்லையென்றால் முடிந்தது. தையல் தேவைப்படாது, ஒரு சிறு ஒட்டுப்பட்டை போதும்.

பலன் எப்படி? ஸ்பெயினில் ரோஹோ-மனாவுத்தே குழுவினர் 92 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மில்லிமீட்டர் துளை வழியே செய்தவர்களின் கை, சிறு கீறல் அறுவை செய்தவர்களின் கையைவிட முதல் மாதங்களில் விரைவாகத் தேறியது. பின்னர் அமெரிக்காவில், கருவி தயாரிக்கும் நிறுவனத்தின் ஆதரவுடன் பல மையங்களில் நடந்த குலுக்கல் ஆய்வில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறினார்கள். நிறுவனமே செலவு செய்த ஆய்வில்கூடப் பெரிய வித்தியாசம் வரவில்லை என்பது கவனிக்க வேண்டியது. எண்டோஸ்கோப் வந்தபோதும் இதே கதைதான் நடந்தது. 2014-இன் காக்ரேன் தொகுப்பாய்வு, எண்டோஸ்கோப் வழி அறுவையும் திறந்த அறுவையும் நோயைக் குறைப்பதில் சமம் என்றும், எண்டோஸ்கோப் செய்துகொண்டவர்கள் சராசரியாக எட்டு நாள் முன்னதாக வேலைக்குத் திரும்பினார்கள் என்றும் சொன்னது. ஆக, ஓராண்டு கழித்து ஒருவரின் கையைப் பார்த்தால் அது எந்த முறையில் திறக்கப்பட்டது என்பதைத் தழும்பைக் கொண்டுதான் சொல்ல முடியும், கையின் வேலைத்திறனைக் கொண்டு சொல்வது கடினம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எட்டு நாள் என்பது மாதச் சம்பளக்காரருக்குச் சின்ன விஷயம். கரும்பு வெட்டுக்குக் கூலி போகிறவருக்கு எட்டு நாள் கூலி. கறவை மாட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஒரு மாதம் உட்கார்ந்திருக்க முடியாது. அப்படியானால் சிறு துளையின் நன்மை அமெரிக்க நோயாளியை விட மயிலம் ஒன்றியத்து நோயாளிக்குத்தானே அதிகம்? இதை மறுக்க முடியாது. திறந்த அறுவைக்குப் பின் கடினமான கைவேலைக்குத் திரும்ப நாலு முதல் ஆறு வாரம் ஆகிறது, உள்ளங்கையின் அடிமேட்டில் ஊன்றும்போது வலி சில மாதம் நீடிக்கலாம். மண்வெட்டிப் பிடி அழுத்துவது சரியாக அந்த இடத்தில்தான். ஆகவே நல்ல கையில் நடந்தால் இந்த முறை உழைப்பாளிக்கு உண்மையான உதவி. ஆனால் அவரது கூலி இழப்பின் பெரும்பகுதி அறுவைக்குப் பின் வருவதில்லை. கை மரத்துப்போய், பொருள் நழுவி, கட்டைவிரல் மேட்டுத் தசை வற்றும் வரை இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போடுகிற காலத்தில் வருகிறது. தசை வற்றிய பிறகு எந்த முறையில் பட்டையை வெட்டினாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. எட்டு நாளை மிச்சப்படுத்தும் கருவியை வாங்குவதற்கு முன், அந்த இரண்டாண்டை மிச்சப்படுத்தும் வழியைத் தேட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கை அறுவை மருத்துவர்களிடமிருந்து வரும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறையும் கோவை கங்கா மருத்துவமனையும் தமிழ்நாட்டுக்கு இத்துறையில் நல்ல பெயர் வாங்கித் தந்தவை. திறந்து கண்ணால் பார்த்து வெட்டுவதுதான் பாதுகாப்பு என்பது இத்துறையில் ஊறிய பழைய மரபு. அதில் நியாயம் இருக்கிறது. கட்டைவிரல் மேட்டுத் தசைக்குப் போகும் இயக்கக் கிளை சிலருக்குப் பட்டையைத் துளைத்துக்கொண்டே போகும். அந்த மெல்லிய இழையைத் திரையில் காணப் பழகிய கண்ணும் உயர் அதிர்வெண் புரோபும் வேண்டும். அது அறுந்தால் கட்டைவிரலை எதிர்விரலோடு சேர்க்கும் சக்தியே போய்விடும். இன்னொன்றும் உண்டு: லாலோண்ட் என்ற கனடா மருத்துவர் பரப்பிய முறையில், அட்ரினலின் கலந்த மரப்பு மருந்தை மட்டும் போட்டு, ரத்தத்தை நிறுத்தும் பட்டை கட்டாமல், மயக்க மருத்துவரும் இல்லாமல், சிறு அறையிலேயே திறந்த அறுவையைச் செய்துவிடலாம். செலவு மிகக் குறைவு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கத்தியும் தேவையில்லை. வட்ட மருத்துவமனை அளவில் அறுவை என்று வந்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஸ்கேன் வழி வெட்டைப் பிணங்களில் பழகி, போதுமான எண்ணிக்கையில் செய்கிற கைகள் ஜிப்மர் போன்ற இடங்களில் உருவாகட்டும். அங்கிருந்து மெல்லக் கீழே வரட்டும்.

அப்படியானால் ஸ்கேனுக்கு இங்கே என்ன வேலை? வெட்டுவதற்கு முந்தைய வேலை முழுதும் அதற்கு உண்டு. நசுங்கிய நரம்பு சுரங்கத்தின் வாயிலில் வீங்கும். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. நரம்பின் மின்னோட்டப் பரிசோதனை நரம்பு எவ்வளவு மந்தமாகியிருக்கிறது என்று சொல்லும். எதனால் நசுங்கியது என்று சொல்லாது. நீர்க்கட்டியா, கொழுப்புக்கட்டியா, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு தசையா, பிறவியிலேயே மறையாமல் நின்றுவிட்ட நடு ரத்தக்குழாயா என்பதைத் திரை காட்டும். இதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. தைராய்டு பார்ப்பதற்காக ஊர்ப்புற ஸ்கேன் மையங்கள் வைத்திருக்கும் தட்டைப் புரோபே பெரும்பாலும் போதும். பற்றாக்குறை பார்க்கத் தெரிந்த கண்ணில் இருக்கிறது. ஸ்கேன் சொல்வதே வேதம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரம்ப நிலையில் நரம்பு பார்க்க இயல்பாகவே இருக்கலாம். சர்க்கரையால் நரம்புகள் பொதுவாகவே தடித்திருப்பவரிடம் பரப்பளவு ஏமாற்றலாம். நோயாளி சொல்வது, விரலால் தொட்டுப் பார்ப்பது, மின்னோட்டம், திரை எல்லாம் சேர்ந்தால்தான் தீர்ப்பு.

இந்த வட்டாரத்தில் திரையும் விரலும் சேர்ந்து தேட வேண்டிய இன்னொரு நோய் இருக்கிறது. நம் வாயில் அதன் பெயர் வரத் தயங்குகிறது: தொழுநோய். செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய் போதனை ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கியது உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. இந்நோயில் முழங்கை அருகே அல்னார் நரம்பும், சிலருக்கு மணிக்கட்டில் மீடியன் நரம்பும் வீங்கி, உறைக்குள்ளேயே நெரிபடும். அதனால் கார்ப்பல் டனல் என்று தவறாகக் கருத இடமுண்டு. தோலில் உணர்ச்சியற்ற தேமல், நரம்பு பல இடங்களில் தடித்திருப்பது, நெடுநீளத்துக்கு வீக்கம் ஆகியவை வேறுபடுத்திக் காட்டும். நீண்ட வீக்கத்தை அல்ட்ராசவுண்ட் நன்றாகவே படம்பிடிக்கிறது. இங்கே வெட்ட அவசரப்படக் கூடாது. ஸ்டீராய்டு மருந்தோடு அறுவையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்று 2012-இல் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு, உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. நோயின் பெயரைச் சரியாகக் கண்டுபிடித்துக் கூட்டு மருந்தைத் தொடங்குவதே இங்கே முதல் சிகிச்சை. துளை சிறிதாக இருப்பது தவறான அறுவையைச் சரியானதாக்கிவிடாது.

நரம்பு நசுங்குவதுபோலத் தசையும் நசுங்கும். கால், முன்கை ஆகியவற்றின் தசைகள் கெட்டியான உறைகளுக்குள் அடைபட்டவை. காவலர் தேர்வுக்காகத் தினமும் ஓடுகிற இளைஞர்களில் சிலருக்கு ஓடத் தொடங்கியதும் முழங்காலுக்குக் கீழே இறுக்கமும் வலியும் வந்து, நின்றதும் அடங்குவது இதனால் இருக்கலாம். அந்த உறையை ஸ்கேன் பார்த்துச் சிறு துளை வழியே வெட்டும் முறையும் வந்திருக்கிறது. அதற்கான சான்று இன்னும் சிறு எண்ணிக்கை நோயாளிகளோடு நிற்கிறது, நம்பிப் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை. நம் வயற்காட்டில் இதைவிடப் பெரிய கேள்வி பாம்புக்கடி. கண்ணாடி விரியன் கடித்த கை புடைத்து, தோல் மினுமினுத்து, தொட்டாலே வலிக்கும்போது தசை உறைக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாகவே தோன்றும். திறந்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் வீக்கத்தின் பெரும்பகுதி தோலுக்கடியில் இருப்பது, அழுத்தம் உள்ளே ஏறாமலே இருப்பது சாதாரணம். கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்தும் ரத்தம் உறையாத ஆளைக் கீறினால் ரத்தப்போக்கே உயிரைக் குடிக்கும். விஷமுறிவு மருந்து கொடுத்து, ரத்தம் உறையத் தொடங்கி, அழுத்தத்தை ஊசியால் அளந்து, அது உண்மையிலேயே ஏறியிருந்தால் மட்டுமே கீறல். அல்ட்ராசவுண்ட் ரத்த ஓட்டத்தைக் காட்டும், அழுத்தத்தை நம்பகமாக அளக்காது. திரையின் எல்லை எது என்று தெரிந்திருப்பதும் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதில் அடங்கும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது, ஒருவேளை எல்லாவற்றிலும் கடினமானது. இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவியை யார் வேண்டுமானாலும் வாங்கி எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. சிசுவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இன் திருத்தமும் கருவியை, மையத்தை, இயக்கும் மருத்துவரைத் தனித்தனியே பதிவு செய்யச் சொல்கின்றன. கையடக்கக் கருவியை ஊர் ஊராக எடுத்துச் செல்லவும் கட்டுப்பாடு உண்டு. மணிக்கட்டைப் பார்க்கும் எலும்பு மருத்துவருக்கும் நரம்பு மரப்பு ஊசி போடும் மயக்க மருத்துவருக்கும் இது தொல்லைதான். மணிக்கட்டில் ஆணா பெண்ணா என்று பார்க்க என்ன இருக்கிறது என்ற அவர்கள் எரிச்சல் புரிகிறது. சட்டத்தைத் தளர்த்தச் சொல்லும் குரல்களும் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. 2019 வரை விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியிலேயே கையடக்க ஸ்கேனை வைத்துக் கருவின் பாலினம் சொன்னவர்கள் கைதான செய்திகள் அண்மை ஆண்டுகளில் வந்தபடி இருக்கின்றன. கருவி ஒன்றுதான், வயிற்றின் மேல் வைத்தால் குற்றம், மணிக்கட்டின் மேல் வைத்தால் சிகிச்சை. ஆகவே சட்டத்தை உடைக்காமல் செய்யக்கூடியதைச் செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரியிலும் திண்டிவனம் மருத்துவமனையிலும் ஏற்கெனவே பதிவான கருவியில், பதிவான கதிரியக்க மருத்துவரோடு, வாரம் ஒரு பிற்பகலைக் கை நரம்புகளுக்கென்று ஒதுக்கலாம். எலும்பு மருத்துவரும் தோல் மருத்துவரும் அதே அறையில் இருக்க வேண்டும். புதிய சட்டமோ கோடிக்கணக்கான ரூபாயோ இதற்குத் தேவையில்லை.

அந்தப் பிற்பகலில் வருபவர்களில் பலருக்கு அறுவையே தேவைப்படாது. ஆரம்ப நிலைக்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, வேலைப் பிடியை மாற்றுவது, சர்க்கரையையும் தைராய்டையும் கட்டுக்குள் கொண்டுவருவது போதலாம். ஸ்டீராய்டு ஊசி சில மாதம் நல்ல ஆறுதல் தரும். ஆனால் அட்ரோஷி குழு சுவீடனில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஓராண்டுக்குள் அறுவைக்குத்தான் போனார்கள். ஆகவே ஊசியை நிரந்தரத் தீர்வு என்று விற்கக் கூடாது. குளுக்கோஸ் கரைசலை ஸ்கேன் பார்த்து நரம்பைச் சுற்றிச் செலுத்தி ஒட்டுகளைப் பிரிக்கும் முறையில் தைவானிலிருந்து நம்பிக்கை தரும் முடிவுகள் வந்துள்ளன. மருந்துச் செலவும் அற்பம், பழகிப் பார்க்கத் தக்கது. விரல் மடங்கிப் பொசுக்கென்று சிக்கிக்கொள்ளும் நோய்க்கு, விரலின் அடியிலுள்ள வளையப் பட்டையைச் சாதாரண 18 கேஜ் ஊசி முனையாலேயே விடுவிக்கிறார்கள். அதைத் திரை பார்த்துச் செய்தால் இன்னும் பாதுகாப்பு. ஸ்கேன் வழி அறுவையைத் தொடங்க நினைக்கும் மாவட்ட மருத்துவர்கள் கையைப் பழக்கத் தொடங்க வேண்டிய இடம் அநேகமாக இதுதான்.

வீட்டில் யாருக்காவது ஒரு மாதத்துக்கு மேலாக இரவில் கை மரத்துப்போய் தூக்கம் கெட்டால், கட்டைவிரல் அடிமேடு தட்டையாகத் தெரிந்தால், மாத்திரையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ அழைத்துப் போய், நரம்பு மின்னோட்டப் பரிசோதனையும் மணிக்கட்டு ஸ்கேனும் வேண்டுமா என்று கேளுங்கள். தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள். எந்தக் கத்தியால் வெட்டுவது என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.